டைனமோவைச் சுற்றியது யார்? யாழ்ப்பாண வீட்டுக் கருவிகளின் கதை

சைக்கிள் டைனமோ ஒன்று தரக்கூடிய மின்சாரம் ஆறு வோல்ற், மூன்று வாற். இப்ப எங்கட ஃபோனுக்குச் செருகிற சார்ஜர் அதைவிடப் பல மடங்கு தரும். ஆனால் 1990இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வீடுகளுக்கு வெளியுலகச் செய்தி வந்து சேர்ந்தது அந்த மூன்று வாற்றில்தான்.

இது எங்களில் கனபேர் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து றேடியோ கேட்டது, ஜாம் போத்தலில் விளக்கு எரித்தது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினது. சொல்லுகிற ஆள் பெரும்பாலும் அப்பா, இல்லாட்டி மாமா. சொல்லி முடிக்கும்போது ஒரு பெருமையும் வரும்: "உங்களுக்கு இப்ப கரண்ட் ஐஞ்சு நிமிசம் நிண்டா உலகமே முடிஞ்சு போகுது." அவர் சொல்லுறதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கதையை இன்னொரு முறை, ஒரு கேள்வியோடு கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த டைனமோவைச் சுற்றியது யார்?

வெளியீட்டுத் தேதிகளும் எங்கட தேதிகளும்

தனிமனிதர் பாவிக்கும் மின்கருவிகளின் வரலாற்றைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் கம்பனிகளின் வெளியீட்டுத் தேதிகள். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ட்ரான்சிஸ்டர் றேடியோ. 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கசற். 1979 ஜூலையில் சொனியின் வோக்மன். 2007இல் ஐஃபோன். ஒவ்வொரு படியிலும் கருவி சின்னதாகிக்கொண்டே வருகிறது. வீட்டு மண்டபத்தில் எல்லாருக்குமாக இருந்த பெட்டி, சட்டைப் பைக்குள் ஒருவருக்காக மட்டும் இருக்கிற பொருளாக மாறுகிறது. அந்த வரலாறு சொல்லுகிற முன்னேற்றம் அதுதான்.

இதே பொருட்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. ஆனால் வந்த தேதிகள் வேறு, வந்த காரணங்களும் வேறு.

1970இலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். அப்போது றேடியோ ஒரு வீட்டுச் சொத்து. அதற்கு அரசாங்க அனுமதிப்பத்திரம் வேறு எடுக்கவேணும். துணி போர்த்தி மண்டபத்தில் வைத்திருந்த அந்தப் பெட்டியின் குமிழைத் திருப்புகிற உரிமை வீட்டுத் தலைவருக்குத்தான். 1977க்குப் பிறகு ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட, ஜப்பானியக் கசற் றேடியோக்கள் கடைகளில் நிறைந்தன. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது றேடியோவும் கசற்றும் ஒன்றாய் இருக்கிற 'டூ இன் வன்'னோடு வந்து இறங்கினார்கள்.

தொலைக்காட்சியின் கதை இன்னும் சுவாரசியமானது. கொழும்பில் ஒளிபரப்பு தொடங்கியது 1979இல். ரூபவாஹினி வந்தது 1982இல். ஆனால் யாழ்ப்பாணத்து அன்ரனாக்கள் பார்த்துக்கொண்டு நின்றது கடலுக்கு அந்தப் பக்கத்தை. சென்னைத் தூரதர்ஷன் 1975இல் தொடங்கியிருந்தது. பிறகு கொடைக்கானல் கோபுரமும் வந்தது. உயரமான இரும்புக் குழாயில் அன்ரனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் ஏறித் திருப்ப, இன்னொருவர் முற்றத்தில் நின்று கத்த, மூன்றாமவர் ரிவிக்கு முன்னால் இருந்து "இப்ப வருது... இல்லை, போட்டுது" என்று சொல்ல, ஒரு படம் பார்க்கக் குறைந்தது மூன்று பேர் வேலை செய்யவேணும். கருவியை விரும்புகிறவர் வீட்டில் ஒருவராக இருக்கலாம். அதை இயக்கினது குடும்பம்.

1990 ஜூன்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. லக்சபானவிலிருந்து வந்துகொண்டிருந்த கரண்ட் போக, ரிவி, டெக், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒரே நாளில் தளபாடங்களாக மாறின. குளிர்சாதனப் பெட்டி அலுமாரியானது. தொலைபேசித் தொடர்பும் இல்லை.

பிறகு வந்தது பொருளாதாரத் தடை. அரசாங்கம் வடக்குக்குக் கொண்டுபோக விடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. றோர்ச்சுக்கும் றேடியோவுக்கும் போடுகிற சாதாரணப் பற்றரி. அது குண்டு செய்ய உதவும் என்பது அரசாங்கத்தின் வாதம். ஆனால் பற்றரி இல்லாமல் போனதால் இருட்டில் இருந்தது சாதாரண சனம்.

தட்டுப்பாட்டில் முதலில் நடந்தது இருக்கிற பற்றரியின் உயிரை நீட்டுகிற வேலை. செத்த பற்றரியை வெயிலில் காயவைப்பது ஒரு முறை. ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணி விடுவது இன்னொரு முறை. அந்தக் காலத்து நாக-காபன் பற்றரிக்குள் இருக்கிற பசை காய்ந்துபோனால் மின்சாரம் வராது. உப்புத் தண்ணி அந்தப் பசைக்குக் கொஞ்ச நேரம் உயிர் கொடுக்கும், அவ்வளவுதான். கசற்றை றேடியோவில் போட்டு றிவைன்ட் பண்ணினால் பற்றரி இறங்கும் என்று, பேனையைக் கசற்றின் பல்லுக்குள் செருகிக் கையால் சுற்றுவார்கள். அதுவும் முடிந்த பிறகு வந்ததுதான் டைனமோ.

சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றும் ஹான்டிலும் நிலத்தில் நிற்க வைக்கவேணும். டைனமோவைப் பின் ரயரோடு முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றவேணும். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். ஓ.எல் விஞ்ஞானத்தில் இருவாயி, கொள்ளளவி, சீராக்கம் என்று நாங்கள் மனப்பாடம் செய்கிற பாடம்தான் இது. பழுதான ரிவியிலிருந்தோ றேடியோவிலிருந்தோ கழட்டின நாலு டயோட்டையும் ஒரு கொள்ளளவியையும் வைத்து அந்தப் பாடத்தை வீட்டு விறாந்தையில் செய்து முடித்தார்கள். பெரிய பற்றரி நாலு போடுகிற றேடியோவுக்கு வேண்டியதும் ஆறு வோல்ற் என்பது ஒரு அதிர்ஷ்டம்.

சுற்றுகிற வேகம் மாறினால் வோல்ற்றும் மாறும். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைத்துப் போகும். பெண் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகும்.

எல்லாக் குடும்பத்திலும் ஒரு ஆள்

இந்த வேலைகளைச் செய்ய ஒவ்வொரு குடும்பத்திலும், குறைந்தது ஒவ்வொரு ஒழுங்கையிலும், ஒரு ஆள் இருந்தார். எதையாவது கழட்டிப் பூட்டிக்கொண்டே இருக்கிற ஆள். சமாதான காலத்தில் வீட்டுக்குத் தொல்லை. புதிதாய் வந்த றேடியோவை அடுத்த நாளே பிரித்து வைத்துவிடுவார். "உள்ளதையும் கழட்டிப் போட்டிட்டார்" என்று மனிசி பேசும். தடைக்காலத்தில் அதே ஆள் தேவையான ஆளாக மாறினார்.

சின்ன மின்பிறப்பாக்கியை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் அவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். அந்தக் கொஞ்சப் பெற்றோல் ஒரு சின்னப் போத்தலில், மருந்து மாதிரிப் பத்திரமாய் இருக்கும். ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் காசு சேர்த்து, விடிய விடியப் படம் ஓடின இரவுகள் பற்றி இன்றைக்கும் ஆட்கள் கதைப்பார்கள்.

ஆனால் அந்த டைனமோ உண்மையில் இயங்கினது செய்திக்காகத்தான். பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸ் வானொலி. சிற்றலை வானொலி இரவில் தூரத்திலிருந்து வந்து சேரும். மரத்தில் கட்டின வயர்தான் ஏரியல். ஒரு வீட்டில் றேடியோ இயங்கினால் அயல் வீட்டுக்காரரும் விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். எங்கே குண்டு விழுந்தது, யார் செத்தது, பேச்சுவார்த்தை வருமா வராதா. பத்து மைல் தள்ளி நடந்ததை லண்டன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வோக்மன் உலகத்துக்குச் சொன்னது, இனி நீ தனியாகக் கேட்கலாம் என்று. அது வந்து பதினொரு வருசத்தில் யாழ்ப்பாணத்தில் நிலைமை நேர்மாறானது. ஒருவர் கேட்கவேணும் என்றால் இன்னொருவர் சுற்றவேணும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டில் ஆகச் சின்ன ஆள். செய்தி விளங்காத வயது. கை வலிக்குது என்று சொன்னால், "தலைப்புச் செய்தி முடியுமட்டும் சுத்து தம்பி" என்று பதில் வரும்.

பெருமைக் கதையில் இல்லாதவர்கள்

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இது ஒரு சாகசக் கதையாகிவிடும். 'தமிழன்ர மூளை' என்று முடித்துவிடலாம். அப்படி முடிக்கிறதில்தான் எனக்குச் சிக்கல்.

முதலாவது, கிரைண்டர். றேடியோவைப் பற்றிக் கேட்டால் அப்பாக்களிடம் நூறு கதை இருக்கிறது. மின்சாரம் போன அன்று நின்றது றேடியோவும் ரிவியும் மட்டுமா? கிரைண்டர் நின்றது, மின் அழுத்தி நின்றது, கிணற்று மோட்டர் நின்றது. அவற்றுக்கு யாரும் டைனமோ பூட்டவில்லை. மூன்று வாற்றில் அவை இயங்காது என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குப் பதிலாக இயங்கினது எது? அம்மி, உரல், கரி அழுத்தி, துலா, வாளி. அதாவது அம்மாக்களின், அக்காக்களின் கைகள். செய்தி கேட்க ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் பெடல் சுற்றினதை நினைவு வைத்திருக்கிறோம். அந்த ஐந்து வருசமும் அம்மியில் அரைத்ததை ஒரு கண்டுபிடிப்பாக யாரும் சொல்வதில்லை. அது புதுமை இல்லை, பழமைக்குத் திரும்பின வேலை. அதனால் கதைக்குள் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கையே எடுத்துப் பாருங்கள். போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரியவிடுகிற சிக்கன விளக்கு அது. அந்த வெளிச்சத்தில் ஏ.எல் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்தப் போத்தலின் கரியைத் துடைத்தது யார் என்று எழுதவில்லை.

இரண்டாவது, 1990 ஒக்டோபர். குடாநாட்டு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றிய மாதம் அது. வீட்டுப் பொருட்களை விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. அவர்களின் றேடியோக்களும் தையல் மெசின்களும் கடைச் சாமான்களும் ஊரிலேயே நின்றன. நாங்கள் டைனமோ சுற்றின காலத்தை அவர்கள் கழித்தது புத்தளத்து அகதி முகாம்களில். 'எங்கட ஊரின் தடைக்கால வாழ்க்கை' என்று எழுதும்போது அந்த 'எங்கட'வுக்குள் அவர்கள் வருவதில்லை என்பதையும் சேர்த்து எழுதவேணும்.

மூன்றாவது, சமாளித்த கதை சமாளிக்க முடியாதவர்களை மறைத்துவிடும். பற்றரிக்கு உப்புத் தண்ணி விடலாம். மருந்துக்கு மாற்று இல்லை. தடையை வென்றோம் என்று சொல்லும்போது தடை பெரிய குற்றமில்லை என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. கெட்டித்தனத்தைப் பாராட்டலாம். அந்தக் கெட்டித்தனத்தை எதற்காகக் காட்டவேண்டி வந்தது என்பதை மறக்கக்கூடாது.

குரலை அனுப்பின கசற்

இந்த வரலாற்றில் எனக்கு ஆகப் பெரிய பொருளாகத் தெரிவது டைனமோ இல்லை, கசற்.

1983க்குப் பிறகு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது வெளிநாடு போனார்கள். கடிதம் எழுதலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத அம்மம்மா என்ன செய்வது? அவவைக் கசற் றேடியோவுக்கு முன்னால் இருத்தினார்கள். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் ஒன்றாய் அமத்தி, "சரி, இப்ப கதையுங்கோ" என்றார்கள். அறுபது நிமிசக் கசற்றில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிசம். அதற்குள் வீட்டில் உள்ள எல்லாரும் கதைத்து முடிக்கவேணும். புதுக் கசற் கிடைக்காவிட்டால் பழைய சினிமாப் பாட்டுக் கசற்றின் மேல்விளிம்பில் இருக்கிற ஓட்டைகளை செலோரேப்பால் ஒட்டி அடைத்துவிட்டு அதற்கு மேலேயே பதிவார்கள். அதனால் சில கசற்றுகளில் அம்மம்மா "வைக்கிறன் தம்பி" என்று சொல்லி முடித்தவுடனே பாதியில் ஒரு பாட்டு தொடங்கும்.

அந்தக் கசற் போன பாதையும் சின்னப் பாதை இல்லை. கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிடவேணும். ஆனையிறவுப் பாதை மூடின காலத்தில் அந்த ஆள் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேணும். அந்தக் கடலேரியில் பயணிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பிறகு தாண்டிக்குளம் சோதனைச்சாவடி. திரும்பி வரும்போது பையின் அடியில் நாலு பற்றரி ஒளித்துக் கொண்டுவந்தால் அது பிடிபடவும் கூடும்.

இதே பாதையில்தான் செத்தவீட்டு வீடியோக்களும் போயின. தகப்பனின் கடைசிக் கிரியையை மகன் பல வாரம் கழித்து, ஏதோ ஒரு குளிர் நாட்டின் சின்ன அறையில், டெக்கில் போட்டுப் பார்த்தான். வீடியோ எடுக்கிற ஆள் முகங்களை ஒவ்வொன்றாய்க் காட்டுவார். யார் வந்தது, யார் மெலிந்து போனது, யார் இல்லை. கல்யாண வீடியோவை விடச் செத்தவீட்டு வீடியோவைத்தான் கவனமாய்ப் பார்த்தார்கள்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது சைக்கிளில் ஏற்றினது அரிசியும் உடுப்பும் கிழவர்களும். பல வீடுகளில் கசற்றுகள் அலுமாரியிலேயே கிடந்தன. வன்னியில் 2009இல் அதுவும் இல்லாமல் போனது.

2002க்குப் பிறகு

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். அதற்குப் பின் ஏ9 பாதை திறக்க, கருவிகள் வெள்ளமாய் வந்தன. சந்திக்குச் சந்தி கொமினிகேசன் கடைகள். கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, மீற்றர் ஓடுவதைப் பார்த்தபடி, இருபது வருசத்துக் கதையை மூன்று நிமிசத்தில் சொல்லவேணும். பிறகு கைபேசிக் கோபுரங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் டிஜிட்டல் கமெராவோடும் தாங்கள் பாவித்த பழைய ஃபோன்களோடும் வந்தார்கள். பழைய ஃபோனை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போவது அன்றும் இன்றும் ஒரு வழக்கம். 2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடினபோது திரும்பவும் தட்டுப்பாடு. வயரும் பற்றரியும் மறுபடி சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லவேண்டிய பொருட்கள் ஆயின. தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மறுபடி இணைந்தது 2013இல். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அப்போது அதைக் கேட்க யாரும் சைக்கிளைக் கவிழ்க்கத் தேவையிருக்கவில்லை.

இப்ப வீட்டில் கழட்டிப் பூட்டுற ஆளின் இடத்தில் பேரப்பிள்ளை இருக்கிறான். "தம்பி, இந்த வட்சப் ஏன் சத்தம் போடுதில்லை?" அவனும் எதையும் கழட்டுவதில்லை. ஃபோன் ஒட்டி மூடிக்கிடக்கிறது. செற்றிங்குக்குள் போய் ஒன்றை அமத்துவான். செத்தவீடு நேரலையில் போகிறது. ரொறொன்ரோவில் மகன் அதே நிமிசத்தில் அழுகிறான். காத்திருப்புப் போய்விட்டது, அது நல்லதுதான். ஆனால் வட்சப் குரல் செய்தியை ஒருவரும் பெட்டியில் போட்டு வைப்பதில்லை. ஃபோன் உடைந்தால் அதோடு போகும்.

பெட்டிக்குள் இருக்கிறவை

எஞ்சிய கசற்றுகளுக்கும் நேரம் முடிந்துகொண்டு வருகிறது. எங்கட வெக்கையிலும் ஈரத்திலும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். நாடா நன்றாய் இருந்தாலும் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. உலகத்தில் விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் அதை நிறுத்தியது.

செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. வீட்டில் கசற் இருந்தால் முதலில் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு தட்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் யாரும் மேலே பதியமுடியாது. பூஞ்சணம் தெரிந்தால் போட்டு ஓட்டாதீர்கள், நாடா அறுந்துவிடும். தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வேலை செய்கிற கசற் றேடியோ ஒன்று கிடைத்தால் அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு வயர் இழுத்துப் பதியலாம். பதிந்த கோப்புக்கு யார், எந்த ஊர், எந்த வருசம் என்று பெயர் வையுங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருகிற நூலகம் நிறுவனம் ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. குடும்பம் சம்மதித்தால் அங்கேயும் கொடுக்கலாம். சம்மதம் முக்கியம். அந்தக் குரல்கள் ஒரு ஆளுக்காகப் பேசினவை.

கசற் இல்லாத வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். அப்பாவிடம் டைனமோக் கதையை மறுபடியும் கேளுங்கள், ஃபோனில் பதியுங்கள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடமும் கேளுங்கள்: கரண்ட் நின்ற அன்று உங்கட நாள் எப்படி மாறினது? வீட்டில் ஆகச் சின்ன ஆளாக இருந்த சித்தியிடமோ சின்ன மாமாவிடமோ கேளுங்கள்: எவ்வளவு நேரம் சுற்றினீங்கள்? என்ன செய்தி எண்டு விளங்கினதா?